சோம்பல் அன்று; நோய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரெயில்வே குமாஸ்தாவான யாம் மருத்துவம் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. எம் துணைவியார் எந்நேரமும் அயர்ந்திருந்ததை ஈராண்டுக் காலம் சோம்பல் என்றே கடிந்தோம். இரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி தளர்ந்ததே காரணம் என்றறிந்து நாணினோம்.

கடலோர மட்டாஞ்சேரியில் அயோடின் குறைவா என வியந்தோம். அதுவன்று. நோய்க்கிருமிகளை விரட்டவேண்டிய உடலின் காவற்படையே தன் சுரப்பியைத் தாக்குகிறதாம். இந்நோயுற்ற சுரப்பியின் தன்மையை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ நான்கு பெண்களிடம் கண்டு எழுதினார். 1956-இல் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர், சுரப்பியைப் பகைக்கும் எதிர்ப்பொருளை இந்நோயாளிகளின் இரத்தத்திற் கண்டனர்.

நம் கொச்சியிலேயே அமிர்தா மருத்துவ நிலையத்தார் 971 பேரை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 3.9 பேருக்குச் சுரப்பிக் குறைவு இருந்தது. வெளியே புலப்படாத தொடக்கக் குறைவோ நூற்றுக்கு 9.4; பெண்களுள் 11.4, ஆண்களுள் 6.2. அத்தொடக்கக் குறைவுடையோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அவ்வெதிர்ப்பொருள் காணப்பட்டது.

அஞ்ச வேண்டா. மருத்துவர் அளவிட்டுத் தரும் மாத்திரையை நாள்தோறும் வெறும் வயிற்றில் உட்கொண்டால் குறை ஈடாகும். எம் இல்லத்தில் ஈடாயிற்று. பழைய சிரிப்பொலியும் மீண்டது.

ஆகவே அன்பர்களே, நீங்காத அயர்வு, குளிர் பொறாமை, முடி உதிர்தல், காரணமின்றி உடல் பருத்தல் ஆகியவற்றை இல்லத்தார் எவரிடமேனும் கண்டால், கடிந்துரைக்குமுன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எம் பிழை உங்கள் இல்லங்களில் நிகழாதிருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!