மாத்திரையை நிறுத்தியது யார் சொல்லி?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநரான நம் ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. கபரஸ்தான் சுற்றுச்சுவர் பற்றிய விவாதமும் ஒருவாறு முடிந்துவிட்டது. பின்கட்டிலிருந்து நெய்ச்சோற்றின் மணம் வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமற்ற வேளை இருக்க முடியாது. ஆயினும் செயலாளர் பணித்துவிட்டார். கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்தோர் ஆண்டுகள் மருந்து வழங்கும் சன்னலுக்கு உட்புறம் அமர்ந்திருந்தவன். பணியில் சேர்ந்தபோது நம் ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைந்தது. 2007இல் திரும்பவும் தனி மாவட்டமானது. ஒவ்வொரு முறையும் அலுவலகத்தின் ரப்பர் முத்திரை மாறியது. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் சன்னலுக்கு வெளியே நிகழ்ந்தது. தொடக்க காலத்தில் வந்தவர்கள் கையில் பாட்டிலுடன் வருவார்கள்; காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கலவை மருந்து ஊற்றிக் கொடுப்போம். வந்த நோய் பத்து நாளில் போய்விடும், அல்லது ஆளைக் கொண்டு போய்விடும். நான் ஓய்வு பெறும்போதோ வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் மாதம் தவறாமல் வரவேண்டியவர்கள். அவர்களுடைய நோய் போவதும் இல்லை, வலிப்பதும் இல்லை. நாம் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

தமிழகத்தில் 2020ஆம் ஆண்டு நடத்தப்பட்ட மாநில அளவிலான ஆய்வு ஒன்று, வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பும், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாகக் கண்டறிந்தது. என்னை உறங்கவிடாமல் செய்த எண்கள் இவையல்ல. இவற்றுக்கு அடுத்து வந்தவை. கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்போர் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. சர்க்கரை உள்ளவர்களில் பதினொருவர் அளவே. மருத்துவமனை இல்லாத நாட்டில் இப்படி என்றால் வியப்பில்லை. கிராமப்புறங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும், அவற்றில் இலவச மருந்தும் உள்ள தமிழகத்தில் இந்த நிலை!

காரணத்தை நான் சன்னலில் அமர்ந்தபடியே பார்த்தேன். முதல் மாதம் வருவார். இரண்டாம் மாதமும் வருவார். மூன்றாம் மாதம் அவருடைய அட்டை வராது. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டால், "இப்போது நன்றாக இருக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பார். நன்றாக இருந்தது அந்த மாத்திரையால்தான் என்பது அவருக்குத் தோன்றாது. காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறோம் அல்லவா, அதே கணக்கை இதற்கும் போட்டுவிடுகிறார்.

இதில் ஒரு நுட்பமான ஏமாற்றும் உண்டு. கொதிப்புக்கு மிகுதியாக வழங்கப்படும் அம்லோடிபின் என்ற மாத்திரை உடலை விட்டு மெதுவாகவே வெளியேறும். உட்கொண்ட அளவில் பாதி நீங்குவதற்கே ஒன்றரை நாளளவு ஆகும். ஆகவே இன்று நிறுத்தினால் நாளை ஒன்றும் நேராது. நாளை மறுநாளும் நேராது. "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று மனம் உறுதி சொல்லும். அழுத்தம் சில நாட்களில் படிப்படியாக ஏறிப் பழைய இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். தலைவலி வராது, கிறுகிறுப்பு வராது. 140க்கு 90 என்ற எல்லையை அது தாண்டிவிட்டதைக் கருவி சொல்லும், உடம்பு சொல்லாது.

இதைப் பிறர் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது என் வீட்டில் நிகழ்ந்தது. என் மூத்த அண்ணன் இருபத்து நான்கு ஆண்டுகள் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கம்பெனி மருத்துவர் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஊருக்கு வந்த ஆறாம் மாதம் அவராகவே நிறுத்திவிட்டார். "அது அந்த ஊர் வெயிலுக்கும் வேலைக்கும் வந்தது, இங்கே நிழலில்தானே இருக்கிறேன்" என்பது அவருடைய வாதம். நாள்தோறும் இருநூறு பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்த நான், ஒரே தெருவில் இருந்த என் அண்ணனிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. 2014இல் ஒரு நாள் சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்தவரின் வலது கை தளர்ந்திருந்தது. பேச்சு சற்றுக் குழறியது. இரவு சரியாக உறங்காத அசதி என்று வீட்டார் நினைத்தார்கள். கைக்குத் தைலம் தேய்த்தார்கள். சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். எனக்குச் செய்தி வந்தது லுஹருக்குப் பிறகு. வாடகைக் கார் பிடித்துத் திருச்சிக்குக் கொண்டு சேர்த்தபோது அஸர் தாண்டிவிட்டது.

மூளையின் இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். நாங்கள் அந்த நேரத்தைத் தைலத்தில் செலவழித்துவிட்டோம். 108க்கு அழைக்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் மேலும் ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். வலது கையால் ஒரு கவளம் சோறு அதன் பிறகு அவர் எடுத்து உண்ணவில்லை. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சுக் குழறுவது, இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் தைலப் பாட்டிலைத் தேடாதீர்கள், தொலைபேசியைத் தேடுங்கள். அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. எது அருகில் இருக்கிறது, எங்கே கொண்டு செல்லவேண்டும் என்பதை 108 ஊழியர் அறிவார்.

அடுத்து வளைகுடா மாத்திரைகள். லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் நம் ஊரிலும் வெளிநாட்டுப் பெட்டி வந்திறங்காத தெரு இல்லை. பெட்டியில் தைலமும் பால்பவுடரும் வருவதுபோல மாத்திரைகளும் வருகின்றன. பெற்றோர் மீதுள்ள பாசத்தால்தான் பிள்ளைகள் அனுப்புகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே மருந்து ஊருக்கு ஊர் வேறு பெயரில், வேறு நிறத்தில் விற்கப்படுகிறது. எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் மருத்துவமனையில் கொடுத்த கிளிமிபிரைடு மாத்திரையையும், மகன் துபாயிலிருந்து அனுப்பிய அமரில் மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டு வந்தார். ஒன்று சர்க்கரைக்கு, மற்றொன்று "சத்துக்கு" என்று எண்ணியிருந்தார். இரண்டும் ஒன்றே! சர்க்கரையைக் கீழே இறக்கும் மருந்து இரு மடங்காக உள்ளே போயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பிக் கிடந்தார். நல்ல வேளை, மருமகள் எழுந்து பார்த்தார். இனிப்பை வாயில் திணிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது அந்தப் பெண்ணின் புத்திசாலித்தனம். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிறிய எழுத்தைக் காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு போக்கும் நம்மிடம் உண்டு. சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். அரசு மாத்திரை என்றால் இளக்காரம். "வீரியம் இருக்காது" என்பார்கள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே எங்களுக்கு அனுப்பும். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டு வருபவர்கள் பெண் தன்னார்வலர்கள். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அப்படி வந்த ஒரு பெண்ணை, "அதெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடும்மா, எங்களுக்கு எதற்கு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியதை என் கண்ணால் கண்டேன். அந்த வீட்டுப் பெரியவர் கடையில் வாங்கியும் உண்ணவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

இனி நோன்பு. மார்க்கச் சட்டம் சொல்வது என் வேலையன்று. ஆலிம்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185ஆம் வசனங்கள் வழங்கியிருப்பதை அவர்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். நான் சொல்லவேண்டியது மருந்தைப் பற்றி மட்டும். 2001இல் பதின்மூன்று நாடுகளில், பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வயது வந்தபின் சர்க்கரை நோய் கண்டவர்களுக்கு ரமலானில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிப்போவது மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது தெரியவந்தது. காரணம் விளங்காதது அன்று. காலை உணவுக்கு முன் உட்கொள்ளும் மாத்திரையை அப்படியே ஸஹருக்கு மாற்றிக்கொள்கிறோம். அதன் வேலை முழுவதும் பட்டினியாக இருக்கும் பகலில் நடக்கிறது. மாலையிலோ பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, சர்பத் என்று ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறோம். பலருக்குப் பெரிய அளவை நோன்பு திறந்த பிறகும் சிறிய அளவை ஸஹரிலுமாக மருத்துவர் மாற்றித் தருவார். சிலருக்கு மருந்தையே மாற்றுவார். இன்சுலின் போடுவோருக்கும் சிறுநீரகம் பழுதானோருக்கும் "வேண்டாம்" என்றும் சொல்லக்கூடும். அந்தக் கணக்கை நாமே போடக்கூடாது. ரமலானுக்கு ஆறு, எட்டு வாரங்களுக்கு முன்பே அவரிடம் போகவேண்டும். நம்மில் பலர் பிறை பார்த்த மறுநாள் போகிறோம்; இன்னும் சிலர் போவதே இல்லை, முப்பது நாளும் மாத்திரையை ஓரங்கட்டிவிட்டுப் பெருநாளன்று மீண்டும் தொடங்குகிறார்கள்.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் கூறும் கருத்து. ஐயம் உள்ளவர்கள் நம் இமாம் அவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளலாம். அப்படிப் பார்க்கும்போது அளவு 70க்குக் கீழே இறங்கியிருந்தாலோ 300க்கு மேல் ஏறியிருந்தாலோ நோன்பை உடனே விட்டுவிடவேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தானே என்று பொறுத்திருந்து விழுந்தவர்களை நான் அறிவேன்.

நிர்வாகக் குழுவிடம் ஓர் அனுமதி கேட்டுப் பெற்றிருக்கிறேன். ரஜப் பிறை பிறந்தது முதல் நான்கு வெள்ளிக்கிழமைகள், ஜும்ஆவுக்குப் பிறகு மதரஸா வராந்தாவில் நான் அமர்ந்திருப்பேன். கொதிப்பு பார்க்கும் கருவி என்னுடையது. கட்டணம் எதுவும் இல்லை. பெண்களுக்கு உள்ளறையில் செவிலியர் பணியிலிருக்கும் என் மகள் பார்ப்பாள். வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பெட்டியில் வந்தவை, கடையில் வாங்கியவை, பக்கத்து வீட்டில் கொடுத்தவை, நிறுத்திவிட்டவை, எல்லாமே வேண்டும். மருந்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. எது எதன் மறுபெயர், எது காலாவதியானது என்று பிரித்து, மருத்துவரிடம் காட்ட ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். யாரையும் கடிந்துகொள்ளமாட்டேன். "யார் சொல்லி நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்பேன், என் அண்ணனிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

தாளிச்சா ஆறிக்கொண்டிருக்கிறது. வஸ்ஸலாம்.