சிறைக் கதவும் நீதிமன்றக் கதவும்



அன்றாட வாழ்க்கையில் ஒருநாள் தாமதம் பெருங்குற்றமன்று. இரயிலைத் தவறவிட்டவன் மறுநாள் இரயிலில் போகிறான். ஆனால் நீதிமன்றத்திலே ஒருநாள் தாமதம் ஒரு மனிதனின் வழக்கையே முடித்துவிடக்கூடும். அத்தகைய ஒருநாளைப் பற்றி அமெரிக்க உச்சநீதிமன்றம் 1988-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பே இன்றைய பேச்சின் பொருள்.

அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்கில் தோற்றவர், பொதுவாக 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்தல் வேண்டும். கூட்டாட்சி அரசாங்கமே ஒரு தரப்பாயின் 60 நாட்கள். தம்மைச் சிறையில் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது என்று கைதி தொடுக்கும் ஆட்கொணர்வு மனுவும் இவ்வகையில் உரிமையியல் வழக்காகவே கொள்ளப்படுகிறது.

டென்னசி மாநிலத்துச் சிறையில் இருந்த ஒருவரின் அத்தகைய மனு 1986 ஜனவரி 7-ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. அவருக்கு வழக்கறிஞர் இல்லை. தாமே அறிவிப்பை எழுதி, 27-ஆம் நாளான பிப்ரவரி 3 அன்று அஞ்சலில் சேர்க்குமாறு சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீதிமன்ற அலுவலகமோ அதில் பிப்ரவரி 7 என்று முத்திரை இட்டது. அது 31-ஆம் நாள்! ஒருநாள் கடந்துவிட்டதென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 'ஹூஸ்டன் எதிர் லாக்' என்பது அதன் பெயர். ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நீதிபதிகள் பிரிந்தனர். பெரும்பான்மையோர் சார்பில் நீதிபதி பிரென்னன் எழுதியதன் சாரம் இது: வெளியே இருப்பவர் அஞ்சலை நம்பாவிடில் தாமே நீதிமன்றம் சென்று தாளைக் கொடுக்கலாம், முத்திரை விழுவதைக் கண்ணாரக் காணலாம். கைதிக்கு அவ்வழி இல்லை. தம் தாளை அவர் சிறை அதிகாரிகளிடமே கொடுத்தாக வேண்டும். அவர்களோ அதைத் தாமதப்படுத்துவதில் நாட்டமுடையோராகவும் இருக்கக்கூடும். ஆதலின், வழக்கறிஞர் இல்லாத கைதி சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்த நாளே தாக்கல் செய்த நாள். சிறையின் அஞ்சல் பதிவேடு அந்நாளுக்குச் சான்றாகும்.

மறுத்த நால்வர் சார்பில் எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. ஒப்படைத்த நாளைக் கணக்கிடுவது நல்ல விதியாகவே இருக்கலாம். ஆயினும் எழுதப்பட்ட விதி அப்படிச் சொல்லவில்லை. விதியை முறைப்படி திருத்திக்கொள்க என்பது அவர் வாதம். இதுவும் தள்ளத்தக்க வாதமன்று. 1993-இல் மேல்முறையீட்டு விதிகளிலேயே இக்கொள்கை சேர்க்கப்பட்டது. இறுதி நாளன்றோ அதற்கு முன்போ சிறையின் அஞ்சல் ஏற்பாட்டில் சேர்த்தால் போதும். சட்டம் சார்ந்த கடிதங்களுக்கெனத் தனி ஏற்பாடு இருப்பின் அதனையே பயன்படுத்த வேண்டும். சேர்த்த நாளையும் அஞ்சற்கட்டணம் செலுத்தியதையும் கூறும் உறுதிமொழி ஒன்றும் சான்றாகும்.

இதனால் கெடு நீண்டுவிட்டதென்று கருதலாகாது. கைதிக்கும் நாட்கள் அவையே. 2007-இல் முடிந்த 'பவுல்ஸ் எதிர் ரஸ்ஸல்' வழக்கைப் பாருங்கள். அங்கே கைதிக்கு விதிப்படி 14 நாட்களே தரலாம். நீதிபதி தவறாக 17 நாட்கள் தந்துவிட்டார். அதை நம்பி 16-ஆம் நாளில் தாக்கலான அறிவிப்பு செல்லாதென்று, அங்கும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. சட்டமன்றம் விதித்த கெடுவை நீட்ட நீதிபதிக்கும் அதிகாரமில்லை என்பதே காரணம்.

கெடு இவ்வளவு கடுமையாக இருக்கையில், நாளை எந்த வாயிலில் நின்று எண்ணுவது என்பது சிறிய கேள்வியன்று. தன் கையால் செய்யக்கூடியதை ஒருவன் உரிய காலத்தில் செய்து முடித்தான். மற்றவர் கையில் நேர்ந்த தாமதத்துக்கு அவன் பொறுப்பாவானா? 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு விடை கூறியது. பூட்டிய கதவுக்குள் இருப்பவனுக்குச் சிறையின் அஞ்சல் மேசையே நீதிமன்றத்தின் வாயிற்படி.