வலியைத் தாங்குறவள்தான் கெட்டிக்காரியா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழா விளையாட்டுப் போட்டிகளுக்கு நடுவே, களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம் எல்லாம் முடிந்து மதியச் சாப்பாடும் ஆகிவிட்டது. கயிறு இழுக்கும் போட்டியில் கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. வெயில் கொஞ்சம் தாழட்டும் என்று நடுவர் சொன்னதால் இந்த நேரத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடன் வசூலைப் பற்றிப் பேச மாட்டோம், பயப்படாதீங்க. விளையாட்டைப் பற்றித்தான்.

காலையில் சாக்கு ஓட்டத்தில் ஒரு சகோதரி விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. நாங்கள் ஓடிப்போய் உட்காரச் சொன்னோம். "அட, ஒண்ணுமில்ல மேடம்" என்று எழுந்து, நொண்டிக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டார். எல்லோரும் கை தட்டினோம். நாங்களும் தட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் வேறு ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம்.

1996-ம் வருஷம் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் ஒலிம்பிக். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுப் போட்டி. அதுவரை அமெரிக்கப் பெண்கள் அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியதே இல்லை. கடைசியாக 'வால்ட்' என்கிற தாண்டல். வேகமாக ஓடிவந்து, மேடையில் கை ஊன்றி, காற்றில் சுழன்று, இரண்டு காலில் ஆடாமல் வந்து நிற்க வேண்டும். கெர்ரி ஸ்ட்ரக் என்ற 18 வயதுப் பெண் முதல் தடவை தாண்டி, சரியாக இறங்காமல் விழுந்தாள். இடது கணுக்காலில் அடி. நொண்டினாள். பயிற்சியாளர் பேலா கரோலி ஓரத்தில் நின்று "உன்னால முடியும், உன்னால முடியும்" என்று கத்தினார். அவள் மறுபடி ஓடினாள், தாண்டினாள், இறங்கினாள். உடனே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று நடுவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு, அப்படியே மண்டியிட்டுச் சரிந்தாள். 9.712 புள்ளி. தங்கம். பதக்கம் வாங்க அவளைப் பயிற்சியாளர் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

இதைக் கேட்டால் நமக்குப் புல்லரிக்குது, இல்லையா? இப்போது நாம் குழுவில் கணக்குப் பார்ப்பது போல இதையும் ஒரு கணக்குப் பார்ப்போம். அமெரிக்க அணி ரஷ்ய அணியை முந்தியது 0.821 புள்ளியில். கெர்ரியின் இரண்டாவது தாண்டல் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தது அரைப் புள்ளி சொச்சம்தான். அதாவது அவள் இரண்டாவது தடவை ஓடாமலே இருந்திருந்தாலும் தங்கம் அவர்களுக்குத்தான். ரஷ்யப் பெண்கள் இன்னும் ஆடி முடிக்காத நேரம் அது என்பதால், அங்கே நின்றவர்களுக்கு அது உறுதியாகத் தெரியாது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் தசைநார் கிழிந்த அந்தக் காலோடு அவளால் அடுத்து வந்த தனிநபர் போட்டிகளில் ஆட முடியவில்லை. தகுதி பெற்றிருந்தாள். இடம் போச்சு.

அதே அணியில் டொமினிக் மோசியானு என்று ஒரு பிள்ளை. வயது 14. காலெலும்பில் விரிசலோடு ஆடினாள். வேறொரு நாள் கட்டையின் மேல் ஆடும்போது தலை அடிபட்டது, அப்போதும் யாரும் அவளைச் சரியாகப் பரிசோதிக்கவில்லை. 25 வருஷம் கழித்து, 2021-ல் அவர் அதை வெளிப்படையாகப் பேசினார். ஏன் அப்போது பேசினார் என்றால், அந்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ், "என் உடம்பு காற்றில் எந்தப் பக்கம் இருக்குதுன்னு எனக்கே தெரியலை" என்ற நிலையில் குழுப் போட்டியின் நடுவில் விலகிக்கொண்டார். அணிக்கு வெள்ளிதான் கிடைத்தது. பைல்ஸைத் திட்டியவர்கள் பலர். கோழை என்றார்கள். அப்போது அவருக்கு ஆதரவாகப் பேசியவர்களில் அந்த கெர்ரி ஸ்ட்ரக்கும் ஒருவர். மூன்று வருஷம் கழித்து 2024 பாரிஸில் பைல்ஸ் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.

நம் நாட்டிலும் உண்டு. 2002-ல் ஆன்டிகுவாவில் அனில் கும்ப்ளே உடைந்த தாடையோடு, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் பந்து வீசி, லாராவை அவுட் ஆக்கினார். வீட்டில் டிவி பார்த்த தாத்தா பாட்டியெல்லாம் கண் கலங்கினார்கள். ஆனால் கும்ப்ளேவுக்கு அப்போது 31 வயது. அவரே எடுத்த முடிவு. மறுபடி வேறொன்றையும் பாருங்கள். 2022 ஜூலையில் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய நீரஜ் சோப்ராவுக்குத் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்னபடி அடுத்து வந்த காமன்வெல்த் போட்டிக்கே அவர் போகவில்லை. அங்கே அவருக்குப் பதக்கம் நிச்சயம் என்று நாடே எதிர்பார்த்தது. போகலை. ஒரு மாதம் ஓய்வு. ஆகஸ்ட் கடைசியில் லோசானில் 89.08 மீட்டர் எறிந்து ஜெயித்தார். அடுத்த வருஷம் உலகத் தங்கம். கும்ப்ளே கதை எல்லோருக்கும் தெரிகிறது. நீரஜ் ஓய்வெடுத்த கதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இப்போது எங்கள் பழைய விஷயம். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறோம், பேர் வேண்டாம்.

நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு ஊராட்சியில் குழு உறுப்பினரின் மகள். பிளஸ் டூ. கபடியில் ரெய்டு போனால் பிடிக்க ஆள் கிடையாது. குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்கு அணி தயாரானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட், பிறகு ஒரு வேலை, இதுதான் வீட்டின் கணக்கு. பயிற்சியில் ஒருநாள் வேகமாக ஓடித் திரும்பும்போது முட்டியில் 'டப்'பென்று சத்தம். சாயந்திரத்துக்குள் முட்டி பொங்கலுக்கு ஊறிய அரிசி மாதிரி உப்பிவிட்டது. எண்ணெய் போட்டு நீவினார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. நடந்தாள். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடினாள். அந்த நேரத்தில் நம் கூட்டமைப்பு விழா வந்தது. கட்டுப் போட்ட காலோடு வந்த பிள்ளையை மேடையில் ஏற்றி, "இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று பேசி, சால்வை போட்டது வேறு யாரும் இல்லை. நாங்கள்தான்.

மாவட்டப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்தில் முட்டி விலகி விழுந்தாள். தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்புதான் எக்ஸ்ரேயில் தெரியும், ஜவ்வு தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் உள்ளே ஜவ்வு அறுந்தது தெரிந்தது. டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முட்டிக்குள்ளே இரண்டு எலும்பையும் கட்டி வைத்திருக்கும் கயிறு அது. கீழ் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அறுந்தால் முதலில் வீங்கும், பிறகு வீக்கம் வடியும், நேராக நடக்கவும் முடியும். அதுதான் ஏமாற்றுவது. திரும்பும்போதும் குதிக்கும்போதும் முட்டி நழுவும். ஒவ்வொரு தடவை நழுவும்போதும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு அரைபடும். இந்தப் பிள்ளைக்கு ஜவ்வோடு மெத்தையும் கிழிந்திருந்தது. ஓடிக் குதித்துத் திரும்புகிற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு அறுவது அதிகம் என்பதையும் அன்றைக்குத்தான் கேட்டோம். முதல் வாரமே வந்திருந்தால் மெத்தையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்த வார்த்தைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் சொல்லலைன்னு அவளைக் கேட்டோம். சொன்னால் அணியில் இருந்து எடுத்துடுவாங்க என்பாள் என்று நினைத்தோம். அவள் சொன்னது வேறு. "அம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகுதா மேடம்?"

அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கம். ஏழு வருஷமாக. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு செங்கல் சூளைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். மகளுக்குத் தெரியும். நாங்கள் வாராவாரம் அந்தக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தோம், எங்களுக்குத் தெரியாது.

வலி என்றால் என்ன என்று நம் பக்கத்திலேயே கண்டுபிடித்துச் சொன்ன ஒரு டாக்டர் இருந்தார். பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர், பாதிரியார் மகன். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, பிறகு தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அந்த நோயே சதையைத் தின்று விரலை உதிர்க்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியில்லை என்று அவர் பார்த்தார். நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். முள் ஏறிய காலோடு நடந்துகொண்டே இருப்பார்கள். ராத்திரி எலி கடித்தால்கூடத் தெரியாது. விரல் போனது அதனால்தான். பிறகு அவர் அமெரிக்காவில் இருந்தபோது, மரத்துப்போன கைக்குச் செயற்கையாக வலி உண்டாக்கும் கருவி ஒன்று செய்து பார்த்தார். ஆபத்து வந்தால் ஷாக் அடிக்கும். வேலை மும்முரத்தில் நோயாளிகள் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நாமே அணைக்க முடிகிற வலியால் பிரயோஜனம் இல்லை என்று அந்த முயற்சியை விட்டார்.

மெடிக்கலில் வாங்குகிற மாத்திரையும் மைதானத்தில் அடிக்கிற ஸ்ப்ரேயும் அந்த சுவிட்ச்தான். கிழிந்தது கிழிந்தபடியே இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்காகத் தொட்டதற்கெல்லாம் உட்காரச் சொல்கிறோமா? இல்லை. முதல் நாள் பயிற்சி முடிந்து மறுநாள் தொடை, தோள் எல்லாம் கடுகடுன்னு இருக்கும். அது இரண்டு மூன்று நாளில் போய்விடும், அதோடு ஆடலாம், ஆட ஆடத்தான் பலம் வரும். அந்த வலிக்கு மகள் சிணுங்கினால் "போடி, போய் ஓடு" என்றே சொல்லுங்கள். ஆனால் மூட்டு வீங்கினால், சத்தம் கேட்டால், காலை ஊன்ற முடியாவிட்டால், முட்டி நழுவுது அல்லது மடக்கினால் பூட்டிக்கிதுன்னு பிள்ளை சொன்னால், அன்றோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம், காலை உயரத் தூக்கி வைத்தல், எலும்பு டாக்டர். புதுசாக வீங்கிய இடத்தை நீவ வேண்டாம். வீக்கம் வடிந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம்.

தலையில் அடி என்றால் இதைவிடக் கண்டிப்பு. மயக்கம் போடாவிட்டாலும், தலை சுற்றல், வாந்தி, பேச்சில் குழப்பம், தூங்கித் தூங்கி விழுதல், இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. பெரிய கிரிக்கெட்டில் 2019-லிருந்து தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறு ஆள் முழுசாக ஆடலாம் என்று விதியே வந்துவிட்டது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குத் தலையில் பந்து பட்டு, பதிலுக்கு இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் பரிசையும் வாங்கிக்கொண்டு போனார். ஆஸ்திரேலியாக்காரர்களுக்குக் கோபம். ஆனாலும் விதி விதிதான்.

அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் ஆனது. ஸ்கேன் செலவுக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தார்கள், தீர்மானப் புத்தகத்தில் அன்றைக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது மாதம் பயிற்சி, நடை. கபடி சீட் கிடைக்கவில்லை. சாதாரணக் கவுன்சலிங்கில் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து பி.காம். முடித்தாள். இப்போது வயது 22. படி இறங்கும்போது இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரெய்டு சொல்லித் தருகிறாள். யாராவது நொண்டினால் விசில் ஊதி வெளியே அனுப்பிவிடுவாளாம். அம்மாவும் போன வருஷம் ஆபரேஷன் செய்துகொண்டார். இரண்டு பேரும் இன்றைக்கு வந்திருக்கிறார்கள், எங்கே என்று காட்ட மாட்டோம்.

சரி, நடுவர் வாட்சைப் பார்க்கிறார். கயிறு இழுக்கும் போட்டிக்கு முன்னால் ஒரு அறிவிப்பு. காலையில் கணுக்கால் பிசகிய சகோதரி, இரண்டாவது அணியில் பேர் கொடுத்திருக்கிறார். இப்போதும் "நான் இழுப்பேன்" என்றுதான் நிற்கிறார். அவரிடம் பேசிவிட்டோம். அவருக்குப் பதிலாக அதே குழுவிலிருந்து வேறு ஒருவர் இறங்கலாம் என்று நடுவர் ஒத்துக்கொண்டார். அணி ஜெயித்தால் எவர்சில்வர் குடம் அவருக்கும் உண்டு. எதிர் அணிச் சகோதரிகள் ஆட்சேபணை செய்ய வேண்டாம். கை தட்டுவதாக இருந்தால், அவர் அந்த நாற்காலியில் போய் உட்காரும்போது தட்டுங்கள்.