கணினி மொழி ‘தெரியும்’ என்றால் என்ன?

(கல்வி வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரை)



கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் “பைத்தான் தெரியும், ஜாவா தெரியும், சி தெரியும்” என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சான்றிதழ்களையும் இணைக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணமும் இருக்கிறது. ஆகவே ‘தெரியும்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நாம் பேசியாக வேண்டும்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். போன முதல் வாரமே “கைஃபல் ஹால்” என்று நலம் விசாரிக்கப் பழகிவிடுவார்கள். கடையில் பேரம் பேசவும், முதலாளி கோபத்தில் வேகமாகச் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் வருடங்கள் ஆகும். அதன் பிறகுதான் “இவருக்கு அரபி தெரியும்” என்போம்.

கணினி மொழியும் அப்படித்தான். 1991-ல் வெளிவந்த பைத்தானில் இன்று ஒதுக்கப்பட்ட அடிப்படைச் சொற்கள் 35-தான். ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் மொழி வந்துவிடாது.

நாம் தப்பும் தவறுமாகப் பேசினாலும் எதிரில் இருப்பவர் நம் மனதில் உள்ளதை ஊகித்துக்கொள்வார். கணினி ஊகிக்காது, எழுதியதை மட்டும் செய்யும்.

ஓர் உதாரணம். சென்ற ஆண்டு உதவி பெற்றவர்களின் பட்டியலுக்கு ‘பழையது’ என்று பெயர். இந்த ஆண்டுக்காக ‘புதியது = பழையது’ என்று பைத்தானில் எழுதி, புதியதிலிருந்து நான்கு பெயர்களை நீக்குகிறோம். பழைய பட்டியலிலும் அந்த நால்வர் காணாமல் போவார்கள்! அங்கே நகல் எடுக்கப்படவில்லை. அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைக்கப்பட்டது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்றாலும் பிள்ளை ஒன்றுதானே? இதில் பிழைச் செய்தி எதுவும் வராது. மொழி அறிந்தவர் எழுதும்போதே இதைக் கவனித்துவிடுவார்.

இன்னொன்று. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணினி இரண்டின் அடிமானத்தில் எண்களை வைப்பதால் 0.1-ஐ அதனால் துல்லியமாக வைக்க முடியாது. இதை அறிந்தவர் பணக் கணக்கை ரூபாயின் பின்னமாக வைக்காமல், பைசாவில் முழு எண்ணாக வைப்பார்.

ஆக, நிரலை ஓட்டிப் பார்க்கும் முன்பே அது என்ன செய்யும் என்று சொல்ல முடிவதுதான் தேர்ச்சி. “இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே” என்று சிலர் கேட்கிறார்கள். எழுதித் தரட்டும். அதில் எந்த வரி தவறு என்று கண்டுபிடிக்க மொழி அறிந்தவர்தானே வேண்டும்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்க்க நீங்கள் கணினி படித்திருக்கத் தேவையில்லை. “நீயே எழுதிய ஒன்றைக் காட்டு” என்று கேளுங்கள். ஒரு வரியைத் தொட்டு, “இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொன்னபடியே நடந்தால் அந்த இடம் பிள்ளைக்குத் தெரிகிறது. நடக்காவிட்டால் திட்டாதீர்கள், ஏன் நடக்கவில்லை என்று தேடும்போதுதான் மொழி வருகிறது.

மாணவர்களே, மூன்று மொழிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு மொழியை எடுத்து, தினமும் ஒரு மணி நேரம், ஒரு வருடம் எழுதுங்கள். பைத்தான் இலவசம், அதன் இணையதளத்தில் உள்ள பாடநூலும் இலவசம். அடுத்த முறை விண்ணப்பத்தோடு சான்றிதழ் மட்டும் போதாது. நீங்கள் எழுதிய நிரலையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.