ஓட்டில்லாதவனுக்காக

திருவொற்றியூர்த் தேரடியில் திரண்டிருக்கும் தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் எண்ணூர்த் தோழர்களே!

ஜனநாயகம் என்றால் தலையை எண்ணுவது என்கிறார்கள். எண்ணுவதற்கு முன்பே பட்டியலிலிருந்து தலையை எடுத்துவிட்டால்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம். சுமார் ஏழு லட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் ஓட்டும் போயிற்று. ராணுவமா வந்தது? இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சபை கை தூக்கியே பறித்தது!

அன்று ஒரு மனிதர் எழுந்தார். மெலிந்த உடம்பு, உரத்த குரல் கிடையாது. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். தோட்டத்து ஓட்டு அவருக்கு வேண்டியதே இல்லை. ஆனாலும் தன் தலைவரையே எதிர்த்து நின்றார். இன்று அவர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்றார். எட்டே வருஷம்! 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாடற்றவர்களில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். துறைமுகத் தோழரே, நீங்கள் சரக்குக்கு எழுதும் கணக்கை மனிதருக்கு எழுதினார்கள்!

அதே காலத்தில்தான் பர்மாவில் கடைகளைப் பறிகொடுத்த நம் ஜனங்கள் கப்பலேறி வந்தார்கள். எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறினார்கள். அவர்கள் போட்ட அத்தோ நூடுல்ஸைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். யாரையாவது அந்நியர் என்றோமா?

பிறகு கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருப்பவர் மட்டும் எப்படி அந்நியர்? 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள். நம் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்போரில் கணிசமானவர்கள் அந்தத் தோட்டத் தமிழரின் வாரிசுகள். பாட்டன் போனது இங்கிருந்து, பேரனுக்கு இங்கேயே குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. மேடைக்கு மேடை ஈழத்துக்குக் கண்ணீர் விட்டவர்கள் டெல்லியில் அதை ஆதரித்து ஓட்டுப் போட்டார்களே! எந்த முகத்தோடு முகாமுக்குப் போவார்கள்?

அந்த மெலிந்த மனிதர் ஓட்டில்லாதவனுக்காக நின்றார். அவர் படத்துக்கு மாலை போடுவது எளிது, அவரைப்போல நிற்பதல்லவா வேலை! முகாம்காரனுக்கு ஓட்டில்லை, உங்களுக்கு இருக்கிறது. நாளை உங்கள் தெருவுக்கு எவர் ஓட்டுக் கேட்டு வந்தாலும், எந்தக் கொடியாக இருந்தாலும், கும்மிடிப்பூண்டித் தமிழனுக்குக் குடியுரிமை எப்போது என்று கேளுங்கள். பதில் வாங்காமல் அனுப்பாதீர்கள்!