அறிவும் ஓர் அமானிதமே



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எதில் சேர்ப்பது என்று ஆண்டுதோறும் நம் வீடுகளில் பேசுகிறோம். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவருக்கே வேதியியல் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறாகும். மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமுதாயத்தில் சிலரேனும் கற்றே ஆக வேண்டிய கல்வி என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். இன்று வேதியியலும் அத்தகையதே. இதற்கு நமது கொடைக்கானலே சாட்சி!

இங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இயங்கி வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழைய பொருள் கடையொன்றில் கிடப்பது வெளிப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்றே நிறுவனம் கூறி வந்தது. எனினும் நீண்ட வழக்குக்குப் பின், 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு செய்துகொண்டது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை; மணமுமில்லை. மூச்சின் வழியே புகுந்து நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத இத்தீங்கைக் கற்றவரன்றி வேறு யார் கண்டு சொல்ல இயலும்? கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும் உள்ள பாதரசத்தை அளந்து 2006-இல் வெளியிட்டவர்கள் ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் வேதியியலார்களே.

பெற்றோர்களே! திருச்சியில் 1951-இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரி போன்ற நம் கல்லூரிகளிலேயே இப்பாடம் உண்டு. பி.எஸ்ஸி. முடித்தவர் ‘ஜாம்’ தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேரலாம். குடிநீர்ப் பரிசோதனை, உணவுப் பகுப்பாய்வு, மருந்துத் தரக் கட்டுப்பாடு, மாசுக் கட்டுப்பாடு, ஆசிரியப் பணி, ஆராய்ச்சி என ஹலாலான வழிகள் பல உள்ளன. மகன்களைப் போன்றே மகள்களுக்கும் இவை உரியவை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பாதரசத்தைக் கொண்டு பொருள் செய்யக் கற்றுத் தந்ததும் இதே கல்விதான். “இந்த அளவைக் குறைத்து எழுது” என்று ஒருநாள் மேலதிகாரி உங்கள் பிள்ளையிடம் சொல்லக்கூடும். அன்று அவன் எழுதும் அறிக்கை வெறும் காகிதமல்ல. அது ஷஹாதத், சாட்சியம்! தமக்கே பாதகமானாலும் உண்மைச் சாட்சியம் கூறுமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டுள்ளான். அந்த உறுதியைக் கல்லூரி தராது. வீடுதான் தர வேண்டும்.

பயனுள்ள கல்வியையும், அதை மறைக்காத நெஞ்சுரத்தையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.