மும்பையில் கூட்டாஞ்சோறு



தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற நம்மில் பலர், ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து மனப்பாடம் செய்தவர்கள். மும்பையில் குடியேறியோர் முதலாண்டிலேயே அக்கணக்கு இங்கே செல்லாது என்பதை உணர்ந்துவிடுவர். இவ்வூரில் ஆண்டு முழுவதும் மழையைச் சுற்றியே சுழல்கிறது. ஜூன் 11-ஆம் நாளை ஒட்டித் தொடங்கும் பருவமழை, அக்டோபர் முதல் வாரம் கடந்த பின்னரே விடைபெறும். சென்னையில் ஐப்பசி அடைமழைக்குக் குடை தேடும் வேளையில், இங்கே குடைகள் பரணுக்கு ஏறிவிடும். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பண்டிகை நாட்காட்டியும் இவ்வூர் வானமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அப்படியாயின், இங்கு வாழும் தமிழ்க் குடும்பம் எந்தப் பருவத்தில், எங்கே, யாருடன் வெளியே செல்வது? எங்கள் குடும்பம் இருபது ஆண்டுகளாகக் கண்டுவரும் விடையைச் சொல்லவே இன்று முன்வந்துள்ளோம்.

நாங்கள் செம்பூரில் வாழ்பவர்கள். எங்கள் நண்பர் குழாமில் மேலும் இரு குடும்பங்கள் உண்டு. ஒன்று மாடுங்காவில், ஐந்து பூங்காக்களுக்கு அருகே, பழைய கட்டடமொன்றில் மூன்று தலைமுறையாக வாழ்வது, பாலக்காட்டு வழியினர். மற்றொன்று தாராவியில், தோல்பை தைக்கும் தொழிற்கூடத்தோடு ஒட்டிய வீட்டில் வாழ்வது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த பாட்டனாரின் வழியினர். மாடுங்கா நிலையத்துக்கு அடுத்த நிலையம் சயான். சயானில் இறங்கினால் தாராவி. தூரம் அவ்வளவுதான். ஆனால் சாதியும் வருவாயும் சேர்ந்து வகுத்த தூரம் வேறு; அதை இருப்புப்பாதைத் துறையார் அளந்ததில்லை.

எங்களுக்குத் தாராவி நண்பரைத் தேடித் தந்தது 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பெய்த மழை. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அலுவலகம் விட்டுத் திரும்பிய எங்கள் இருவரையும் பேருந்து சயானில் இறக்கிவிட்டது. அதற்கப்பால் சாலை இல்லை, நீர்தான் இருந்தது. கைத்தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது. இருளில் நின்று என்ன செய்வதெனத் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒருவர், “தமிழாளுகளா? எங்ககூட வாங்க” என்றார். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்காலளவு நீர். மாடியறையில் ஏற்கெனவே பதினொருவர் இருந்தனர். அவருடைய தாயார், எங்கள் பிள்ளைகள் பின்னாளில் ‘ஆச்சி’ என்று அழைக்கப்போகும் அவ்வம்மையார், எங்களுக்குச் சுடுகஞ்சியும் துவையலும் தந்தார். ஊர் எது, பெயர் என்ன என்று மறுநாள் காலையில்தான் கேட்டார்கள். எங்களுடன் பணியாற்றிய மாடுங்கா நண்பரை அவர்களுக்கு நாங்கள் அறிமுகம் செய்தது அதன் பின்னர்.

ஆகவே எங்கள் குழாமின் முதற் பண்டிகையாக ஆடிப்பெருக்கு அமைந்தது பொருத்தமே. தஞ்சைப் பக்கத்தார் ஆடி பதினெட்டன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குச் செல்வதை அறிவீர்கள். ஆறு பெருகுவது அங்கே மங்கலம். இங்கேயும் ஓர் ஆறு உண்டு. விகார், பவாய் ஏரிகளின் வழிநீரைக் கொண்டு புறப்படும் மிட்டி ஆறு, தாராவியின் ஓரமாகச் சென்று மாகிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. அது பெருகினால் யாரும் மஞ்சள்குங்குமம் இடுவதில்லை; அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறார்கள். ஆற்றை வணங்கும் நாளில் ஆற்றுக்கு அஞ்சி வீட்டிலிருப்பதா என்று ஆச்சி கேட்டார். ஆறு வேண்டாம், அருவி பார்ப்போம் என்று முடிவாயிற்று.

அன்று தொடங்கி, ஆடி பதினெட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோனாவலாவுக்குச் செல்வது எங்கள் வழக்கம். மூன்று வீட்டுக் கட்டுசாதமும் புனே செல்லும் வண்டியில் ஒன்றுசேரும். மாடுங்காவிலிருந்து புளியோதரையும் தயிர்ச்சாதமும், எங்கள் வீட்டிலிருந்து எலுமிச்சம்பழச் சாதமும் அப்பளமும் வரும். ஆச்சியின் தூக்குச்சட்டியில் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு இருக்கும். அரிசியும் பருப்பும் காய்களும் முருங்கைக்கீரையும் ஒரே பானையில் வெந்தது. வண்டி கர்ஜத்தில் நிற்கும்போது பின்புறமும் எஞ்சின்கள் இணைக்கப்படும். 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அம்மலைப்பாதை, முப்பத்தேழு அடிக்கு ஓரடி உயர்வதால், முன்னே இழுப்பது மட்டும் போதாது. பின்னிருந்து தள்ளவும் வேண்டும். நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் பிள்ளைகள் நடைமேடையில் வடாபாவ் வாங்கிவிடுவார்கள். கட்டுசாதத்துக்கு ஏற்படும் ஆண்டுதோறுமான இழப்பு இதனால்தான். பின்னர்க் குகைகள், குகைகளுக்கிடையே பசுமை, பாறைமுகமெங்கும் வெள்ளிக் கம்பிகளாய் நீர். மொழி தேவைப்படாத நேரம் அது.

மொழி என்றவுடன் எங்கள் தொழிற்புத்தி குறுக்கிடுகிறது. ‘பிக்னிக்’ என்னும் சொல்லுக்கு ‘உல்லாசப் பயணம்’ என்றும் ‘இன்பச் செலவு’ என்றும் எழுதி வருகிறோம். முன்னதில் உண்பது இல்லை. பின்னதைப் படிப்பவர் பணத்தை நினைத்துக்கொள்கிறார். ‘வனபோஜனம்’ என்ற பழைய சொல்லுக்கு மரங்கள் வேண்டும். ஆச்சியோ ஒரே சொல்லால் முடித்துவிட்டார். சிறுவர் வீட்டுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து கூடிச் சமைப்பதும் கூட்டாஞ்சோறு, அவர் தூக்குச்சட்டியில் இருப்பதும் கூட்டாஞ்சோறு. கோப்புகளில் அச்சொல்லை ஏற்கமாட்டார்கள் என்பது வேறு செய்தி.

புரட்டாசியில் நவராத்திரி. மாடுங்காக் கொலுவும் சுண்டலும் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து வரும் முழுநிலா நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராத்தியர் அதனைக் கோஜாகிரி என்பர். திருமகள் அன்றிரவு உலா வந்து ‘விழித்திருப்பவர் யார்?’ என வினவுவதாக நம்பிக்கை. ஆகவே கட்டடத்தார் அனைவரும் மொட்டைமாடியில் கூடி, குங்குமப்பூவும் பாதாமும் சாதிக்காயும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பாலில் நிலவின் நிழலைக் கண்டு, பின்னர் அதைப் பருகி, நள்ளிரவுக்கு மேலும் பாடிக்கொண்டிருப்பர். நம் ஊரில் சித்திரா பௌர்ணமியன்று ஆற்று மணலில் நிலாச்சோறு உண்பது நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் சித்திரையில் இங்கு யாரும் இருப்பதில்லை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். அதனால் எங்கள் நிலாச்சோறு ஆறு மாதம் தள்ளிக் கோஜாகிரியில் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் செம்பூர்க் கட்டடத்து மாடியில் மராத்தியப் பெண்டிர் பால் காய்ச்சுவர். மாடுங்காப் பாட்டி தயிர்ச்சாதத்தை உருட்டிப் பிள்ளைகளின் கையில் வைப்பார். ஆச்சி கதை சொல்வார். தம்முள் எப்போதும் இந்தியில் பேசிக்கொள்ளும் பிள்ளைகள், அந்தக் கதைகளுக்காகத் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள். அடுத்து என்ன நடந்தது என்று ஆச்சியிடம் இந்தியில் கேட்க முடியாதே!

குளிர்காலம் எளிது, எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். சிவ்ரிச் சேற்றுநிலத்துக்கு வரும் பூநாரைகளை நீர் வடியும் நேரம் பார்த்துச் சென்று காண்கிறோம். செம்பூரிலிருந்து அதே துறைமுகப் பாதை வண்டியில் போய்விடலாம். 1963-இல் திறக்கப்பெற்று, 1990-இல் தீயில் அழிந்து, 1998-இல் மீண்டும் எழுந்த சண்முகானந்த அரங்கில் ஒரு கச்சேரியும் உண்டு. இவற்றை விரிக்காமல் பொங்கலுக்குச் செல்கிறோம்.

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் தைத் திங்கள் முதல் நாள் பொங்கலிடுவதைக் காணாதவர்கள் ஒருமுறை வந்து காண வேண்டும். மற்ற நாட்களில் நடக்க இடமில்லாத சாலை அது. அன்று அதன் நடுவே கோலங்கள். செங்கல் அடுப்புகள் வரிசை வரிசையாக. கரும்புகள் சார்த்தி நிற்கும். அடுத்த தெருக்களான கும்பார்வாடாவில் மண்பாண்டம் வனைபவர்கள் சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள். எங்கள் நண்பர் வீட்டுப் பானை அவர்கள் வனைந்ததுதான். குசராத்தியர் வனைந்த பானையில், மராட்டிய மண்ணில், நெல்லைப் பெண்கள் குலவையிடப் பால் பொங்கும். புகை கண்ணைக் கரிக்கும். அதைப் பொருட்படுத்துவோர் இல்லை.

மாடுங்கா நண்பரின் தாயார் 1960-களில் மணமாகி இவ்வூருக்கு வந்தவர். அதற்குப் பின் காசிக்கும் பத்ரிக்கும் சென்றிருக்கிறார், தாராவிக்குச் சென்றதில்லை. கொலுவுக்கும் கோஜாகிரிக்கும் ஆச்சி வருவார். இவர் அங்கே செல்வதில்லை. யாரும் அதைக் குறித்துப் பேசியதுமில்லை. 2014-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, பேத்தியின் வற்புறுத்தலால் டாக்சியில் ஏறினார். இறங்கியபோது, “இவ்வளவு பக்கத்திலேயா இருந்தேள்?” என்று ஆச்சியிடம் கேட்டார். அவ்வாண்டு நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். ஒரு வாழைப்பழம் மட்டும் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு தம் வெண்கலப் பானையைத் தாமே கொண்டுவந்து, அடுத்த அடுப்பில் ஏற்றிப் பொங்கலிட்டு அதையே உண்டார். மூன்றாம் ஆண்டு பானை கொண்டுவரவில்லை. ஆச்சி இலை போட்டார், இவர் உட்கார்ந்தார். அவ்வளவே நடந்தது. சபா மேடைகளில் ஒற்றுமை குறித்து நாங்கள் கேட்ட சொற்பொழிவுகள் பல. அவை எவையும் அந்த இலையின் அருகே வரமாட்டா என்பது எங்கள் கருத்து.

இப்போது அச்சாலையே மாறப்போகிறது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் முன்னின்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்றும், பின்னர் வந்தோர்க்கும் மேல்தளங்களில் வாழ்வோர்க்கும் வேறிடத்தில் வீடு என்றும் அறிவித்துள்ளனர். கழிப்பறைக்கு வரிசையில் நின்றவர்கள் தனிக் கழிப்பறையுள்ள வீட்டை விரும்புவதில் வியப்பில்லை; எங்கள் நண்பரின் மனைவியும் விரும்புகிறார். தொழிற்கூடம் என்னாகும் என்பது நண்பரின் கவலை. ஆச்சியின் கவலை வேறு. தெருவார் பாதிப்பேர் ஒரு மூலைக்கும் பாதிப்பேர் மறு மூலைக்கும் சென்றபின், அடுப்புகளை எங்கே வரிசையாக வைப்பது? பதினெட்டாம் மாடியின் நடைவழியில் விறகு மூட்ட விடுவார்களா?

இவ்வினாவுக்கு அறிக்கைகளில் விடை இல்லை. ஆச்சி தாமே தேடத் தொடங்கிவிட்டார். சென்ற கோஜாகிரி இரவில் எல்லாரும் பால் பருகிக்கொண்டிருக்க, அவர் எங்கள் மொட்டைமாடியைக் காலடியால் அளந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கு இப்பால் இருபது அடுப்புக் கொள்ளும் என்றார். கட்டடச் சங்கச் செயலாளரான மராத்திய அன்பர், தளத்தின் ஓடுகள் வெடித்துவிடும் என்று தயங்கினார். அடியில் மணல் பரப்பிக்கொள்ளலாம் என்று மாடுங்காப் பாட்டி யோசனை கூறினார். செயலாளர் இப்போது பன்னிரண்டு அடுப்புக்கு இசைந்திருக்கிறார். ஆச்சி பதினாறுக்குக் குறையமாட்டேன் என்கிறார்.